முன்கூட்டிக் கட்டும் வரியும் பின்தங்கி வரும் கூலியும்

திருப்பூரில் சனிக்கிழமை மாலைக்குத் தனிப் பொருள் உண்டு. பனியன் நிறுவனங்களிலும், அவற்றுக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்களிலும் வாரச் சம்பளம் பட்டுவாடா ஆகும் நாள் அது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு இயந்திரம் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர், தமக்கு வரவேண்டிய பணம் வந்தாலும் வராவிட்டாலும், ஓவர்லாக் தைப்பவருக்கும் கைமடிப்பவருக்கும் பிசிறு வெட்டும் பெண்களுக்கும் அன்று கூலி கொடுத்தாக வேண்டும். மின் கட்டணமும் காத்திருக்காது. காத்திருக்க வேண்டியவர் அவர் ஒருவரே. அவருடைய பில்லுக்கு ஏற்றுமதி நிறுவனத்திடமிருந்து பணம் வர இரண்டு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம்.

காத்திருக்காதவர்களின் வரிசையில் அரசும் நிற்கிறது. ஆண்டு முடிந்து லாபம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு வரி கட்டினால் போதும் என்பது பரவலான எண்ணம். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆண்டு நடக்கும்போதே உத்தேசமாகக் கணக்கிட்டு முன்கூட்டியே ஒரு தொகையைக் கட்ட வேண்டும். பிறகு கணக்கைத் தாக்கல் செய்யும்போது அந்தத் தொகையைக் காட்டி ஈடு செய்துகொள்ள வேண்டும். முதற்பாதியைப் பலரும் எப்படியோ செய்துவிடுகிறார்கள். இரண்டாம் பாதியில்தான் பணம் தொலைகிறது.

இந்தக் கூடங்களை நடத்துவோரில் பலர் முழுநேர முதலாளிகள் அல்லர். பகலில் ஒரு நிறுவனத்தில் கட்டிங் மாஸ்டராகவோ சூப்பர்வைசராகவோ மெர்ச்சண்டைசராகவோ சம்பளத்துக்கு இருப்பார்கள். பாண்டியன் நகரிலோ மங்கலம் சாலையிலோ குடும்பத்தார் துணையுடன் ஒரு சிறு யூனிட் ஓடும். சம்பளத்துக்கான வரியை நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. பக்கத் தொழிலின் வரியைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்பதை அவர்கள் முதல் நோட்டீஸ் வரும்போதுதான் உணர்கிறார்கள்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பெரும்பாலான மாநிலங்கள் தனியே வருமான வரி வசூலிக்கின்றன; சிறுதொழில் செய்பவர் மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என இரண்டு உத்தேச வரிகளைக் காலாண்டுதோறும் கட்டுகிறார். நம் அரசியல் சாசனத்தில் வேளாண்மை தவிர்த்த வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு மட்டுமே உண்டு. எனவே திருப்பூர்க்காரருக்கு மாநில வருமான வரி என்று ஒன்று இல்லை. ஆனால் மாநிலத்துக்கு அவர் ஒன்றும் கட்டுவதில்லை என்று பொருள் கொண்டால் அது பிழை. சரக்கு, சேவை வரியில் சரிபாதி மாநில வரி. அவர் கட்டும் உத்தேச வரியில் மாதந்தோறும் இடறும் பகுதி அதுவே என்பதால் முதலில் அதைப் பார்ப்பது நல்லது.

துணி வேறொருவருடையது, தைத்துக் கொடுப்பது மட்டுமே தம் வேலை என்றால் அது சரக்கு விற்பனை அன்று, சேவை. சேவைக்கான பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். சரக்கு விற்பவருக்கான 40 லட்ச வரம்பைக் கேள்விப்பட்டுவிட்டு, தமக்கும் அதுவே பொருந்தும் என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. வாரம் 40,000 ரூபாய்க்குப் பில் போட்டாலே ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அதில் பெரும்பகுதி கூலியாகப் போய்விடுகிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. அது பார்ப்பது விற்றுமுதலை மட்டுமே.

இன்னொரு நுணுக்கமும் இந்த ஊருக்கென்றே உள்ளது. வெளியூர்த் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட லைன் வீடுகள் கட்டி வைத்திருப்பவர்கள் இங்கே அநேகர். குடியிருப்பு வாடகைக்குச் சரக்கு, சேவை வரி கிடையாது. ஆனால் 20 லட்ச வரம்பைக் கணக்கிடும்போது அந்த வாடகையும் மொத்த விற்றுமுதலில் சேரும். பதினெட்டு லட்சத்துக்குத் தைத்தவர், லைன் வீடுகளில் மூன்று லட்சம் வாடகை வாங்கினால், அவர் வரம்பைக் கடந்தவர். 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டியவர்.

வரி விகிதம் இன்று 5 சதவீதம். 2017 ஜூலையில் இந்த வரி வந்தபோது நூலுக்கும் துணிக்குமான ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம் என்றும், ஆயத்த ஆடை தைக்கும் ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீதம் என்றும் இருந்தது. ஒரே பனியன் நிட்டிங்கில் ஒரு விகிதமும் தையலில் வேறு விகிதமும் பெற்ற விநோதம் சில வாரங்களே நீடித்தது. அந்த ஆகஸ்டில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் எல்லாவற்றையும் 5 ஆக்கியது. இதில் இரண்டரை ஒன்றியத்துக்கு, இரண்டரை மாநிலத்துக்கு.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பவர்கள் மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யாமல், காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்து வரியை மட்டும் மாதந்தோறும் கட்டும் முறை 2021 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு, அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் பிஎம்டி-06 என்ற சலானில் பணம் கட்ட வேண்டும். மூன்றாம் மாதத்துக்கும் சேர்த்துக் காலாண்டுக் கணக்கை, தமிழ்நாட்டில், அடுத்த மாதம் 22-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மாதச் சலானில் எவ்வளவு கட்டுவது என்பதற்கு இரண்டு வழிகள். உண்மையான பில்களைக் கூட்டிக் கணக்கிட்டுக் கட்டுவது ஒன்று. முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டிய வரியில் 35 சதவீதத்தை, இணையதளமே கணக்கிட்டுத் தருவதை, அப்படியே கட்டுவது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் அசல் உத்தேச வரி.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒருவர் 6 லட்சத்துக்குத் தைத்தார் என்று கொள்வோம். வரி 30,000 ரூபாய். மாநிலத்துக்கு 15,000, ஒன்றியத்துக்கு 15,000. நூல், ஊசி வாங்கியதில் கிடைக்கும் சிறு வரவை எளிமைக்காக விட்டுவிடலாம். அடுத்த காலாண்டில் அக்டோபருக்கான சலானில் மாநிலத் தலைப்பில் 5,250 ரூபாய், நவம்பருக்கும் 5,250 ரூபாய் என்று தளம் காட்டும். ஒன்றியத் தலைப்பிலும் அதே தொகைகள். டிசம்பர் முடிவில் உண்மைக் கணக்கு 7 லட்சமாக இருந்தால் மாநில வரி 17,500. ஏற்கெனவே வைத்த 10,500 போக மீதி 7,000-ஐ ஜனவரி 22-க்குள் கட்டினால் போதும். நடுவில் குறைவாகக் கட்டியதற்கு வட்டி கிடையாது. தாமே கணக்கிட்டுக் கட்டும் வழியில் சென்று குறைத்துக் கட்டியிருந்தால், குறைந்த தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. வேலை ஏறுமுகத்தில் இருக்கும் காலத்தில் 35 சதவீத முறை சிறியவருக்கு ஒரு சலுகை என்றே சொல்ல வேண்டும்.

இறங்குமுகத்தில் அது சுமையாகிவிடும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி நடப்புக்கு வந்தபோது, அந்தச் சந்தையை நம்பியிருந்த ஆர்டர்கள் தடுமாறின. பெரிய நிறுவனத்தில் ஆர்டர் நின்றால் முதலில் வெளிக்கூடத்துக்குத் தரும் வேலைதான் நிறுத்தப்படும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவசர அவசரமாகத் தைத்து அனுப்பிய கூடத்துக்கு, அடுத்த காலாண்டில் வேலையே பாதியாகிவிட்டாலும், தளம் முந்தைய காலாண்டின் 35 சதவீதத்தையே சலானில் நிரப்பிக் காட்டும். அதைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்று எண்ணிக் கடன் வாங்கிக் கட்டத் தேவையில்லை. உண்மைக் கணக்குப்படி கட்டும் வழிக்கு எந்த மாதமும் மாறலாம். அந்த மாதம் வரிப் பொறுப்பே இல்லாவிட்டாலோ, பேரேட்டில் போதிய இருப்பு இருந்தாலோ சலான் போட வேண்டியதே இல்லை.

பேரேடு என்று குறிப்பிட்டதை விளக்க வேண்டும். பணம் தொலையும் இடம் அதுதான். பிஎம்டி-06 சலானில் கட்டும் பணம் உடனே வரியாகிவிடுவதில்லை. அது நம் பெயரில் உள்ள மின்னணு ரொக்கப் பேரேட்டில் வைப்புத்தொகையாகப் போய் உட்காருகிறது. காலாண்டு முடிந்து ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்து, வரிப் பொறுப்புக்கு எதிராக அதைக் கழித்துக் கொண்டால்தான் வரி கட்டியதாகக் கணக்கு. மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டிவிட்டு, ‘கட்டியாயிற்றே’ என்று காலாண்டுப் படிவத்தை விட்டுவிட்டவருக்குத் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் ஏறும். ஒன்றரைக் கோடி வரையிலான விற்றுமுதலுக்கு அது ஒரு படிவத்துக்கு 2,000 ரூபாயில் நிற்கும் என்பது ஆறுதல். ஆனால் படிவங்கள் தொடர்ந்து விடுபட்டால் பதிவே ரத்தாகும் நிலை வரும். பதிவு போனால் ஏற்றுமதி நிறுவனம் வேலை தராது.

தலைப்பு மாறிப் போவது மற்றொரு தொல்லை. மாநில வரித் தலைப்பில் உள்ள ரொக்கத்தை ஒன்றிய வரிக்கு நேரடியாகக் கழிக்க இயலாது. அவசரத்தில் முழுத் தொகையையும் ஒரே தலைப்பில் கட்டிவிட்டு, தளம் ‘போதிய இருப்பு இல்லை’ என்று சொல்ல, இன்னொரு முறை கட்டுபவர்கள் உண்டு. முதலில் கட்டிய பணம் பேரேட்டில் ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும். பிஎம்டி-09 என்ற படிவத்தின் மூலம் ஒரு தலைப்பிலிருந்து மற்றொரு தலைப்புக்குத் தாமே மாற்றிக்கொள்ளலாம். யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. காலாண்டுக் கணக்கு முடிந்த பின் எஞ்சும் தொகையைத் திரும்பக் கேட்கவும் செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் ரொக்கப் பேரேட்டைத் திறந்து பார்த்தவர்கள் சிறு கூடம் நடத்துவோரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது ஐயத்துக்கு உரியது. கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் கடவுச்சொல் இருக்கிறது என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

இணக்கவரித் திட்டத்தில் சேர்ந்தால் இவ்வளவு படிவம் இல்லையே என்ற கேள்வி எழலாம். உண்மைதான். சேவை தருவோருக்கு 50 லட்சம் வரை அத்திட்டம் உண்டு. விகிதம் 6 சதவீதம். ஆனால் அந்த 6 சதவீதத்தைப் பில்லில் போட்டு வசூலிக்கக் கூடாது. கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். வேலை தரும் நிறுவனத்துக்கும் அதில் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. பீஸுக்கு இத்தனை ரூபாய், இத்தனை பைசா என்று கூலி பேசும் ஊரில் ஆறு சதவீதத்தைக் கைவிட்டுத் தாங்க முடியாது. கடை வைத்து நேரடியாக வாடிக்கையாளருக்குத் தைப்பவருக்கு வேண்டுமானால் இது பொருந்தலாம். ஜாப் ஒர்க் கூடத்துக்கு ஏற்றதன்று.

இவையெல்லாம் படிவம் சார்ந்த சிக்கல்கள்; கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும். கற்றுக்கொண்டாலும் தீராத ஒன்று உண்டு. சேவைக்கான வரிப் பொறுப்பு பில் போட்ட நாளிலேயே எழுந்துவிடுகிறது. பணம் வந்த நாளில் அன்று. ஆறு லட்சம் கூலி வராமலே 30,000 ரூபாய் வரியை அவர் கட்டியாக வேண்டும். அந்த வரி அவருடையதும் அன்று. வேலை தந்த நிறுவனத்திடமிருந்து வாங்கி அரசிடம் சேர்க்க வேண்டிய பணம் அது. வாங்காமலே சேர்க்கிறார்.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். அவர் தம் பில்லை இணையதளத்தில் ஏற்றியவுடன் வேலை தந்த நிறுவனத்தின் கணக்கில் அந்த 30,000 ரூபாய் உள்ளீட்டு வரி வரவாகத் தெரிகிறது. காலாண்டுப் படிவம் வரை காத்திராமல் அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள்ளேயே பில்லை ஏற்றிவிடும் வசதியும் இருப்பதால், ‘சீக்கிரம் ஏற்றுங்கள்’ என்று நிறுவனங்கள் கேட்கின்றன. ஏற்றுமதியாளராக இருந்தால் அந்த வரவைத் திருப்பிப் பெறவும் வழியுண்டு. கூலியை 180 நாள்களுக்குள் கொடுக்காவிட்டால்தான் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும் என்கிறது சட்டம். ஆக, எட்டு இயந்திரக்காரர் கடன் வாங்கிக் கட்டிய வரியை, அவருக்கு ஒரு பைசாவும் தராத நிலையில், பெரியவர் தம் வரவாக ஆறு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். யாரும் சட்டத்தை மீறவில்லை. சட்டமே இப்படித்தான் அமைந்திருக்கிறது.

இது தவிர்க்க முடியாததும் அன்று. சேவை வரி இருந்த காலத்தில், 2012 ஏப்ரல் முதல், 50 லட்சம் வரை சேவை தந்த தனிநபர்களும் கூட்டு நிறுவனங்களும் பணம் கைக்கு வந்த பிறகு வரி கட்டும் சலுகையைப் பெற்றிருந்தனர். ஜிஎஸ்டி வந்தபோது அது காணாமல் போயிற்று. பிரிட்டனில் ஆண்டு விற்றுமுதல் பதின்மூன்றரை லட்சம் பவுண்டு வரையுள்ள நிறுவனங்கள் பணம் வந்த பின் மதிப்புக் கூட்டு வரி கட்டும் திட்டத்தில் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர் தாம் வாங்கிய பொருளுக்கும் பணம் கொடுத்த பிறகே வரவு எடுக்க முடியும். இரு பக்கமும் சமமாக இருக்கும் அந்த ஏற்பாட்டில் கருவூலத்துக்கும் பெரிய இழப்பில்லை.

நம் சட்டங்களுக்குள்ளேயே முரண் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. அதனால் மார்ச் மாதத்தில் பாக்கியைத் தீர்க்கும் அவசரம் வாங்குவோரிடம் ஏற்பட்டது. உத்யம் பதிவு வைத்திருந்த கூடங்களே இதன் பயனைப் பெற முடிந்தது. தொழில் சட்டத்துக்கு 45 நாள், வருமான வரிக்கு 45 நாள், ஜிஎஸ்டிக்கு மட்டும் 180 நாள் என்பதற்கு நியாயம் சொல்ல முடியாது. 50 லட்சத்துக்குக் கீழ் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு மட்டுமாவது பழைய சலுகையை மீட்டுத் தரும்படி ஜிஎஸ்டி மன்றத்தில் தமிழ்நாடு கேட்கலாம், கேட்க வேண்டும். இதில் பாதி மாநிலத்தின் சொந்த வரி என்பதால் கேட்கும் தகுதியும் அதற்கு உண்டு.

இனி வருமான வரி. இங்கும் முன்கூட்டிக் கட்டுவதும், பின்னர் அதைக் காட்டி ஈடு செய்வதும்தான் கதை. ஆனால் பலருக்கு இங்கே கட்ட வேண்டியதைவிடத் திரும்பப் பெற வேண்டியதே அதிகம்.

ஜாப் ஒர்க் கூலி ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால், அல்லது ஒரே தவணையில் 30,000 ரூபாயைத் தாண்டினால், தனிநபருக்கு 1 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியே காட்டியிருந்தால் அந்தத் தொகைக்குப் பிடித்தம் கிடையாது. மாதம் 30,000 சம்பளம் வாங்கும் சூப்பர்வைசர் ஒருவர், பக்கத் தொழிலில் ஆண்டுக்கு 12 லட்சத்துக்கு வங்கி வழியே கூலி வாங்கினால், 12,000 ரூபாய் பிடித்தமாகிவிடும். சிறு தொழில் செய்பவர் விரிவான கணக்கு வைக்காமல், வங்கி வழி வந்த தொகையில் 6 சதவீதத்தையும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டலாம் என்பது 44ஏடி பிரிவு. அதன்படி அவருடைய தொழில் லாபம் 72,000. சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போக, இரண்டையும் கூட்டினாலும் 4 லட்சத்தைத் தொடவில்லை. வரி இல்லை. பிடித்த 12,000 முழுவதும் அவருடைய பணம். ஆனால் வருமானம் வரம்புக்குக் கீழே இருப்பதால் கணக்கே தாக்கல் செய்ய வேண்டாம் என்று இருந்துவிடுகிறார். அந்த ஆண்டுக்கான கெடு தவறினாலும் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குத் தாக்கல் செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். அதையும் தவறவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரி விண்ணப்பித்துக் காத்திருக்கும் நீண்ட வழிதான்.

நேர் எதிரான நிலையும் உண்டு. ஆண்டுக்கு 12 லட்சம் சம்பளம் வாங்கும் மூத்த மெர்ச்சண்டைசர் ஒருவருக்கு 2025–26 நிதியாண்டில் நிலையான கழிவு போக வருமானம் 11,25,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாததால் நிறுவனம் ஒன்றும் பிடிக்காது. அவரும் தமக்கு வரி இல்லை என்று நிம்மதியாக இருப்பார். பக்கத் தொழிலில் அவர் 30 லட்சத்துக்குக் கூலி வாங்கியிருந்தால், 6 சதவீதமாக 1,80,000 சேரும். மொத்தம் 13,05,000. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிய கணமே தள்ளுபடி விலகிவிடுவதால் வரி 75,750. செஸ் சேர்த்து 78,780. ஒன்றே முக்கால் லட்சம் கூடுதல் வருமானத்துக்கு இது வியப்பூட்டும் வரிதான். கூலியில் பிடித்த 30,000 போக 48,780 ரூபாய் கட்ட வேண்டும். பிடித்தம் போக மீதி வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால் இவர் அந்த விதிக்குள் வருகிறார்.

பொதுவாக இதை ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணைகளில் கட்ட வேண்டும். 44ஏடி பிரிவைத் தேர்ந்தவர்களுக்கு மார்ச் 15-இல் ஒரே தவணை. ஜூனில் ஓர் ஆண்டின் ஆர்டரை யாரால் கணிக்க முடியும்? 2025 ஜூனில் கணித்தவர்கள் ஆகஸ்டில் என்ன ஆனார்கள் என்பதைப் பார்த்தோம். பருவத்தையும் வெளிநாட்டுச் சந்தையையும் நம்பிய ஊருக்கு இந்த ஒற்றைத் தவணை நல்ல ஏற்பாடு. ஒரு முறை இப்பிரிவில் சேர்ந்து இடையில் விலகினால் அடுத்த ஐந்தாண்டு மீண்டும் சேர முடியாது என்பதையும், தரகு, முகவர் கமிஷன் வருமானத்துக்கு இது பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது. மார்ச் பில்லுக்குப் பணம் ஜூனில் வந்தாலும், கணக்குத் தாக்கல் கெடுவுக்கு முன் வங்கி வழியே வந்துவிட்டால் 6 சதவீதமே போதும்.

மார்ச்சில் கட்டாமல் ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்டினால் என்ன ஆகும்? மேற்சொன்னவருக்கு வட்டி ஏறத்தாழ 2,435 ரூபாய். பெரும் தொகை அன்று. சில வட்டிக்கடைகளைவிட அரசின் மாதம் ஒரு சதவீதம் மலிவு என்று கூடச் சிலர் சொல்வார்கள். அஞ்ச வேண்டியது வட்டிக்கு அன்று. நிறுவனம் பிடித்த கூலி 26ஏஎஸ் பட்டியலிலும், பில் தொகை ஜிஎஸ்டி படிவத்திலும் ஏற்கெனவே பதிவாகியிருக்க, வருமான வரிக் கணக்கில் பக்கத் தொழிலையே காட்டாமல் விடுவதற்கு. மூன்று கணக்குகளையும் இன்று ஒரே கணினி பார்க்கிறது.

சலான், தேதி என்று அலைய விரும்பாதவருக்கு அதிகம் பேசப்படாத ஒரு வழி உண்டு. பக்கத் தொழிலின் உத்தேச லாபத்தையும் அதில் பிடிக்கப்பட்ட வரியையும் தாம் வேலை செய்யும் நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்தால், அவர்கள் அதையும் சேர்த்துச் சம்பளத்தில் பிடித்துக் கட்டிவிடுவார்கள். பக்கத் தொழில் இருப்பதை முதலாளியிடம் சொல்லலாமா என்பது வேறு கேள்வி. வரிச் சட்டத்தில் அதற்கு விடை இல்லை.

மனைவி பெயரில் தொழிலை வைத்துவிட்டால் இந்தக் கூட்டல் வராது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மனைவி தம் நகையை அடகு வைத்தோ தம் பெயரில் கடன் வாங்கியோ நடத்தினால் வராதுதான். கணவர் அன்பளிப்பாகக் கொடுத்த பணத்தில் நடந்தால், அந்த முதலுக்குரிய லாபம் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும்.

மாநகராட்சிக்கு அரையாண்டுதோறும் செலுத்தும் தொழில் வரியும் உண்டு. அரசியல் சாசனமே அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியிருப்பதால் அது பெரிய சுமையன்று. ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.

கட்டிய வருமான வரியைக் கணக்கில் காட்டும்போது சலானில் உள்ள வங்கிக் கிளையின் ஏழு இலக்க எண், தேதி, ஐந்து இலக்க வரிசை எண், தொகை ஆகிய நான்கும் படிவத்தில் சரியாக ஏற வேண்டும். தளம் தானே நிரப்பித் தந்தாலும் 26ஏஎஸ் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான பிழைகள் சலான் போடும்போதே, ஆண்டைத் தேர்வதில் நேர்கின்றன. 2025–26 நிதியாண்டின் வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026–27 என்று குறிக்க வேண்டும். 2025–26 என்று குறித்தால் பணம் முந்தைய ஆண்டின் கணக்குக்குப் போய்ச் சேரும். வரி பாக்கி என்று நோட்டீஸ் வரும்.

இந்தக் குழப்பத்தை ஒழிக்கவே, 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டம் மதிப்பீட்டு ஆண்டு என்பதை நீக்கிவிட்டு, வரி ஆண்டு என்ற ஒன்றை மட்டும் வைத்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் மாறும் ஆண்டில் அதுவே ஒரு பொறி. 2026 ஜூலையில் பழைய ஆண்டின் பாக்கி வரியைக் கட்டுபவர் பழைய சட்டத்தின்படி ‘மதிப்பீட்டு ஆண்டு 2026–27’ என்று குறிக்க வேண்டும். அடுத்த மார்ச்சில் நடப்பு ஆண்டுக்கான முன்கூட்டிய வரியைக் கட்டும்போது புதிய சட்டத்தின்படி ‘வரி ஆண்டு 2026–27’ என்று குறிக்க வேண்டும். இரண்டிலும் இலக்கங்கள் ஒன்றே, ஆண்டுகள் வேறு. சலானை நிரப்பும் பொறுப்பைக் கணக்கு அலுவலகத்திடம் விட்டிருப்பவர்கள்கூட அந்த ஒரு வரியை மட்டுமாவது தாங்களே படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை அனுப்ப வேண்டும்.